ஊருக்கு வரும் வேன்

"உங்களுக்காகத்தான் வந்திருக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டு வாசலில் வந்து நிற்கிற ஆளை யாரும் லேசில் நம்புவதில்லை. எங்கள் தொழிலே அந்த வாசலில்தான் தொடங்குகிறது.

தாராபுரத்துக்குத் தெற்கே, பஸ் காலையில் ஒரு தரமும் சாயங்காலம் ஒரு தரமும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற கிராமங்களுக்கு எங்கள் தொண்டு நிறுவனத்தின் வேன் வாரம் ஒருமுறை போகும். ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ், பேங்க் என்று வேலை இருக்கிறவர்களை இலவசமாக ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விடும். ஓட்டுவது காதர் பாய், கோயமுத்தூர் கோட்டைமேட்டுக்காரர். ஆள் சேர்ப்பது நான். வேனை ஓட்டுவதைவிட நிரப்புவது கஷ்டம் என்பது, இதே மாதிரி வேலையில் வெயிலில் காய்ந்த உங்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

மைக்

ஆரம்பத்தில் வேனில் மைக் கட்டி அறிவிப்புச் செய்தோம். வாசகம் என்னுடையது. "ஊர்ப் பொதுமக்கள் அனைவருக்கும் வணக்கம். நம்ம ஊருக்கே வேன் வருகிறது. ஊர்க்காரர்கள் எல்லோரும் ஏறிக்கொள்ளலாம்." காதுக்கு நன்றாக இருப்பதாக நினைத்தேன். வேன் பள்ளத்தைத் தாண்டி, காலனியை ஒட்டிய ரோட்டில் மெதுவாகப் போய், ஊருக்குள் மாரியம்மன் கோயில் முன்னால் நிற்கும். அங்கே நாலைந்து பேர் ஏறுவார்கள். காலனியில் வேலியோரம் நின்று எல்லோரும் கேட்டார்கள். பிள்ளைகள் கை காட்டினார்கள். ஒருவரும் ஏறவில்லை.

அந்த வேலியோரத்தில் ஒரு பெண் எப்போதும் நிற்பார். முகம் வேன் சத்தம் வரும் பக்கம் திரும்பியிருக்கும், பார்வை மட்டும் வேனுக்குச் சற்றுத் தள்ளி வேறெதன் மேலோ இருக்கும். ஒருநாள் இறங்கிப் போய்ப் பேசினேன். பெயர் அருக்காணி. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். களையெடுப்பு, அறுப்பு என்று காட்டு வேலைக்குப் போகிறவர். இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. கண் ஆஸ்பத்திரிக்கு இந்த வேனிலேயே போகலாமே, ஏன் வரவில்லை என்று கேட்டேன். நான்தான் ஏதோ தெரியாமல் கேட்கிறேன் என்பது போலச் சிரித்தார்.

"ஏனுங்க, ஊருக்குன்னுதானுங்களே சொன்னீங்க? நாங்க காலனிங்க."

ஆகட்டுங்க

அடுத்த வாரத்திலிருந்து வேன் முதலில் காலனியில் நின்றது. மைக்கிலிருந்து ஊரை எடுத்துவிட்டேன். ஏறியவர்கள் ஜன்னலோரமாக உட்கார்ந்தார்கள். வேன் கோயில் முன்னால் போய் நின்றபோது அங்கே ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. ஹாரன் அடித்தோம். அது எழுந்து இன்னொரு நிழலுக்குப் போனது.

வீடு வீடாகப் போனேன். கோபமாக ஒரு சொல் யாரும் சொல்லவில்லை. கட்டிலைத் தட்டி உட்காரச் சொன்னார்கள். மோர் கொடுத்தார்கள். "வர்ற வாரம் வந்துருங்க" என்றால் "ஆகட்டுங்க" என்றார்கள். எல்லோரையும்விடப் பிரியமாகப் பேசியவர் வெங்காயத் தோட்டத்துச் செல்லாத்தாள். அவருக்கும் கண்ணில் புரை. வேலியோரக் கல்லைக் கன்றுக்குட்டி என்று நினைத்துக் கொஞ்ச நேரமாக அதட்டிக்கொண்டிருந்தார். என் குரல் கேட்டதும் கையைப் பிடித்துக்கொண்டு, "வேகாத வெயில்ல வந்திருக்கறயே கண்ணு" என்றார். இந்தப் பக்கம் பிரியமானவர்கள் எல்லோரும் 'கண்ணு'தான். கண் ஆபரேஷன் பற்றிச் சொன்னேன். ஆகட்டும் என்றார். மோரின் குளிர்ச்சியில் அத்தனை ஆகட்டுங்களையும் நம்பிக்கொண்டு நான் வேனுக்குத் திரும்பினேன். அடுத்த வாரமும் நாய்தான் இருந்தது.

காதர் பாய் என்ஜினை அணைத்துவிட்டு எனக்குப் பாடம் எடுத்தார்: "அம்மணி, இங்க ஆகட்டுங்கன்னா ஆகாதுங்கன்னு அர்த்தம். ஆகுமுன்னா பேச்சே இருக்காது, செருப்ப மாட்டிக்கிட்டு வந்து நிப்பாங்க."

வெங்காயக் காடு

ஆஸ்பத்திரியில் அருக்காணிக்குச் சர்க்கரை குறையட்டும், பிறகு ஒவ்வொரு கண்ணாகச் செய்யலாம் என்றார்கள். அதுவரை சாப்பிட வேண்டுமே. கண் மங்கியதை அவர் காலனிக்கு வெளியே யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். கைக்குத் தெரியும் என்று நம்பிக் களையெடுக்கப் போய்க்கொண்டிருந்தார்.

ஒரு சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோது, என்னதான் தெரிகிறது என்று கேட்டேன். விடியற்காலையில் இறங்குகிற பனி இறங்கியபடியே நின்றுவிட்டது என்றார். எதிரே வெகுதூரம் வரை காற்றாலைகள் நின்றன. "காத்தாடி நிக்கறது தெரியுதுங்க. சுத்தறது தெரியலீங்க." நான் கண்ணைப் பாதி மூடிப் பார்த்தேன். வெள்ளைத் தூண்கள் மட்டும் வானத்துக்குள் கரைந்துகொண்டு நின்றன. கொஞ்ச நேரம் நாங்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருந்தோம்.

அந்த வாரம் நடந்ததை அப்போதுதான் சொன்னார். செல்லாத்தாளின் வெங்காயக் காட்டில் பகலெல்லாம் களையெடுத்திருக்கிறார். செல்லாத்தாள் வரப்பில் நின்று, "நல்லா எடுக்கற, அப்படியே போ" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். சாயங்காலம் மகன் வந்து பார்த்தபோது களை வரிசையாக நின்றிருக்கிறது. வெங்காயப் பயிர் வரப்பில் குவிந்து கிடந்திருக்கிறது. மறுநாளிலிருந்து அருக்காணியை எந்தக் காட்டுக்கும் யாரும் கூப்பிடவில்லை. கண் வராவிட்டால் இனி கூப்பிடவும் மாட்டார்கள். சொல்லி முடித்துவிட்டு அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்.

"களை எடுத்தவளுக்கும் கண்ணு தெரியலீங்க, நல்லா எடுக்கறேன்னு சொன்ன அம்மாவுக்கும் தெரியலீங்க. வெங்காயந்தானுங்க பாவம்."

இரண்டு பேர் சீட்டு

ஆபரேஷன் நாளன்று வேன் நிறைந்திருந்தது. ஏறுவதற்குச் சுலபம் என்று அருக்காணியை டிரைவருக்குப் பின்னாலுள்ள இரண்டு பேர் சீட்டில் உட்காரவைத்திருந்தேன். பக்கத்து இடம் மட்டும் காலி. கோயில் முன்னால் செல்லாத்தாள் நின்றிருந்தார். காலில் செருப்பு, கையில் ஒயர்கூடை, கூடையில் பிளாஸ்க். வெங்காயம் போனதிலிருந்து மகன் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லி விடாமல் பேசிவந்தாராம். கூட்டிப்போக மட்டும் அவருக்கு நேரமில்லையாம்.

குரல் கேட்டதும் அருக்காணி எழுந்துவிட்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார். செல்லாத்தாள் உள்ளே வந்து சீட்டைத் தடவினார், உட்காரவில்லை. காலியான சீட்டுக்கு இரண்டு பக்கமும் கண் தெரியாத இரண்டு பெண்கள் நிற்க, வேன் முழுக்க ஜன்னல் வழியாக வேறு எதையாவது பார்த்தது. பயிற்சி வகுப்புகளில் கேட்ட சொற்கள் எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தன. ஒன்றும் உதவவில்லை. சீட்டு யாருக்கு என்ற பேச்சையே காதர் பாய் எடுக்கவில்லை. கண்ணாடியில் பார்த்துக் கும்பிட்டார்.

"தாயிங்களா, நின்னுக்கிட்டு வந்தா போலீசு என் லைசென்ச புடுங்கிருமுங்க. எம்பொழப்ப நெனச்சாவது ரெண்டு பேரும் ஒக்காருங்க!"

கட்டு

உட்கார்ந்தார்கள், ஒயர்கூடையை நடுவில் வைத்து. ஆஸ்பத்திரியிலும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்தான் கிடைத்தது. ஆபரேஷன் முடிந்து ஆளுக்கு ஒரு கண்ணில் கட்டு. மற்றொரு கண்ணில் அதே பழைய பனி. தலையை ஆட்டாமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். பச்சைத் திரைவழியாக வெயில் வந்து வார்டு முழுக்கக் குளத்துத் தண்ணீரின் நிறத்தில் இருந்தது. நான் கதவோரப் பெஞ்சில் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே இருந்தபோது செல்லாத்தாளின் குரல் கேட்டது. கூரையைப் பார்த்துக் கேட்டார்.

"ஏங் கண்ணு, உங்களுக்கு எந்தப் பக்கம்?"

இத்தனை வருஷமும் வரப்பிலிருந்து 'ஏ அருக்காணி' என்று கூப்பிட்ட குரல் அது. வண்டியில் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்த ஆள் பக்கத்தில் கிடப்பது அவருக்குத் தெரியாதா என்ன? அருக்காணியும் கூரையிடமே பதில் சொன்னார்.

"தாராபுரத்துக்குத் தெக்காலீங்க."

"எனக்கும் அந்தப் பக்கந்தான். தோட்டம் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. வெங்காயம் போட்டிருக்கறனுங்க."

"நல்லா வந்திருக்குதுங்களா?"

"களைதானுங்க நல்லா வந்திருக்குது."

முதலில் ஒரு கட்டில் ஆடியது. பிறகு மற்றொன்றும் ஆடியது. வாயைப் பொத்திக்கொண்டு இரண்டு பேரும் சிரித்தார்கள். பிளாஸ்க் மூடியில் காப்பி அந்தக் கட்டிலிலிருந்து இந்தக் கட்டிலுக்கு வந்து, திரும்பிப் போய், மறுபடி வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் கலைந்துவிடும் என்று தோன்றியது. நர்ஸ்தான் வந்து சத்தம் போட்டார்: ஆடக் கூடாது என்று சொல்லியும் என்ன சிரிப்பு, இரண்டு பேரும் ஒரே ஊரா?

செல்லாத்தாள் சொன்னார்: "ஒரே ஊருதானுங்க."

கண் திறந்த பிறகு

மறுநாள் காலையில் கட்டைப் பிரித்தார்கள். அருக்காணி முதலில் தன் கையைப் பார்த்தார். உள்ளங்கையையும் புறங்கையையும் திருப்பித் திருப்பி, யாரோ கொடுத்த பொருளைப் போலப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, குரலைக் கேட்டு இன்னும் உயரமாக இருப்பேன் என்று நினைத்ததாகச் சொன்னார். செல்லாத்தாள் ஜன்னல் பக்கம் திரும்பிக் கூடையை அடுக்கிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது வேனில் இடம் நிறைய இருந்தது. ஒருவர் முன்னால் உட்கார்ந்தார், ஒருவர் பின்னால். காற்றாலைகள் வந்ததும் அருக்காணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவை சுற்றுவதை, ஒன்று மறைந்து அடுத்தது வரும்வரை பார்த்துக்கொண்டே வந்தார். காலனியில் அவர் இறங்கியபோது செல்லாத்தாள் பின் ஜன்னலிலிருந்து, ரோட்டைப் பார்த்தபடி, "அருக்காணி, கண்ணு ஆறுனதும் களைக்கு வந்துரு" என்றார். அருக்காணி "ஆகட்டுங்க" என்றார். காதர் பாய் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

கோயில் முன்னால் இறங்கும்போது செல்லாத்தாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, வேறு யாருக்கும் கேட்காமல் சொன்னார்: "கண்ணு தெரியாதப்பப் பேசறதுக்குச் சௌரியமா இருந்துச்சு கண்ணு."

களை

கண் ஆறி, வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு ஒருநாள், வேன் போகிற ரோட்டோரக் காட்டில் அருக்காணியைப் பார்த்தேன். நாலு பெண்களுக்கு முன்னால் இருந்தார். களையும் பயிரும் அதனதன் இடத்தில் இருந்தன. அது வேறொருவர் காடு. பக்கத்துக் காட்டில்தான் செல்லாத்தாளின் வெங்காயம், ஆள் கிடைக்காமல் களையோடு நின்றது. வரப்பில் செல்லாத்தாள் இந்தப் பக்கம் பார்க்காமல் நின்றிருந்தார். வண்டியை நிறுத்தச் சொல்லி, அந்த அம்மா கூப்பிடவில்லையா என்று அருக்காணியிடம் கேட்டேன். அவர் கையிலிருந்த கோரையின் மண்ணை உதறினார். பக்கத்து வரப்புக்குக் கேட்கிற அளவுக்கே, ஆனால் என்னிடம்தான் சொன்னார்:

"தெனமும் கூப்புடறாங்க, பேரச் சொல்லி. ஆஸ்பத்திரியில கூப்புட்ட மாதிரி கண்ணுன்னு ஒருக்காக் கூப்புடட்டுமுங்க, செருப்ப மாட்டிக்கிட்டுப் போறன்."

எங்கள் வேன் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஊர் வேனுக்கு வந்து சேர, இரண்டு பேருக்கும் இன்னும் ஒரு கண் பாக்கியிருக்கிறது.