இதயத்தின் வலப்பக்கம்

நான் வேலை செய்யும் அறையில் எப்போதும் அரை இருட்டு. ஒஸ்லோவில் ஒரு மருத்துவமனையில், ஒலியலைக் கருவியால் இதயத்தைப் படம் பிடிப்பது என் தொழில். திரை தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சன்னல் திரையை இழுத்து, விளக்கைத் தாழ்த்தி வைத்திருப்போம். குளிர்காலத்தில் வெளியேயும் ஏறக்குறைய அதே வெளிச்சம்தான். காலையில் நான் குடியிருக்கும் ரொம்சோஸில் ரயில் ஏறி, ஒரு மங்கலிலிருந்து இன்னொரு மங்கலுக்குள் வந்து சேர்வேன். பத்தொன்பது வயதில் மன்னாரிலிருந்து வந்தபோது முதலில் கிடைத்தது நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட் ஊரின் மீன் தொழிற்சாலையில் வேலை. அடியிலிருந்து வெளிச்சம் வரும் மேசையில் மீன்துண்டுகளை வைத்து, முள்ளும் புழுவும் இருக்கிறதா என்று பார்ப்போம். ஒன்றின் உள்ளே பார்ப்பதற்கு என் கண் பழகியது அங்கேதான்.

பெப்ரவரி மாதத்தில் ஒருநாள், அன்றைய நோயாளிகள் பட்டியலில் தெரிந்த பெயர் ஒன்று இருந்தது. எங்கள் கட்டடத்தில் இரண்டு மாடி மேலே குடியிருப்பவர். ஈரான்காரர், அறுபதைத் தொடும் வயது. பல வருடம் ஒரு வெதுப்பகத்தில் மாவு பிசைந்து பாண் சுட்டவர். படிக்கட்டில் அவர் வருவதை இருமலை வைத்தே சொல்லிவிடலாம். அது மாவுத் தூசியால் வந்த இருமல் என்று அவரும் சொன்னார், அவருடைய மனைவியும் சொன்னார், நாங்கள் எல்லோரும் அப்படியே நம்பினோம். மருத்துவர் சொல்லி வேலையை விட்டு ஆறு வருடமாகியும் இருமல் மட்டும் அவரை விடவில்லை. இப்போது கால்களும் வீங்கத் தொடங்கியிருந்தன.

நான் ஒரே கட்டடத்து ஆள் என்பதால், விருப்பமில்லாவிட்டால் வேறொருவர் பார்க்கலாம் என்று சொன்னேன். தெரிந்த கை நல்லது என்றார். நாங்கள் பேசுவது நோர்வேஜிய மொழியில். ஆனால் இப்போது நினைத்துப் பார்க்கும்போது அவர் என் தமிழில்தான் கதைக்கிறார். அதனால் அப்படியே எழுதுகிறேன்.

இடப்பக்கம் சரிந்து படுத்து, இடக்கையைத் தலைக்கு மேலே வைக்கச் சொன்னேன். அப்போதுதான் அக்குளைக் கண்டேன். கருமையும் வெளிறலுமாகத் திட்டுத் திட்டாக, பழைய வரைபடம் ஒன்றில் தீவுகள் கிடப்பதுபோலத் தோல் கிடந்தது. அடுப்பில் சுட்ட தழும்புகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன். அவை முன்கையில் இருக்கும். அக்குளுக்குள் எப்படிப் போகும்?

எதுவும் கேட்காமல் களிம்பைப் பூசிக் கருவியை வைத்தேன். மூச்சை விட்டு நிறுத்தச் சொன்னால் பாதியில் இருமல் வந்து படம் கலைந்தது. பொறுத்துப் பொறுத்துத்தான் எடுத்தேன். இதயத்தின் இடப்பக்கம் கொஞ்சம் விறைப்பாக, தளர மனமில்லாததுபோல அசைந்தது. வலப்பக்கம் பெருத்திருந்தது. நுரையீரலுக்கு இரத்தத்தைத் தள்ளும் அந்தப் பக்கம், நெடுநாள் ஏற்றத்தில் வண்டி தள்ளிய ஆளைப்போலக் களைத்திருந்தது. இரத்தம் பின்னோக்கிக் கசியும் வேகத்தை அளந்தேன். சரிபார்க்க இன்னொரு தரம் அளந்தேன்.

கடைசியில், அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று கேட்டேன்.

அவர் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். ஈராக்குடன் நடந்த போரில், இருபது வயதில், தான் காயக்காரரை ஏற்றும் வாகனத்துக்குச் சாரதியாக இருந்ததாக மெதுவாகச் சொன்னார். ஒருநாள் ஏற்றியவர்களுக்கு இரத்தக் காயமே இல்லை. உடுப்பெல்லாம் எண்ணெய் பட்டதுபோல ஈரமாயிருந்தது. வாகனம் முழுக்க உள்ளிப்பூண்டு மணம். ஒவ்வொருவராக அணைத்துத் தூக்கி ஏற்றியிருக்கிறார். குளிர் என்பதால் கண்ணாடிகளை இறக்காமலே ஓட்டியிருக்கிறார். பின்னேரம்தான் கண் எரியத் தொடங்கியது. மறுநாள் உடம்பெல்லாம் கொப்புளம். இரண்டு கிழமை கண் தெரியவில்லை. கடுகு வாயு என்று பிறகுதான் சொன்னார்களாம்.

"இதை ஏன் இஞ்சை ஒரு டொக்டருக்கும் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"என்ரை மேலை குண்டு விழேல்லையே. நான் வாகனம்தானே ஓட்டினனான். பின்னாலை கிடந்த பெடியள்தான் வாயு பட்டவை. அவையளிலை முக்கால்வாசிப்பேர் ஆஸ்பத்திரியிலை கொஞ்ச நாளிலையே முடிஞ்சுபோச்சினம்."

தோல் ஆறிவிட்டது, கண் திரும்பி வந்துவிட்டது, இதயத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று அவர் என்னைக் கேட்டார். பதில் சொல்ல எனக்கு உரிமை இல்லை, அது மருத்துவரின் வேலை. ஆனால் அந்தப் பேச்சு எனக்குப் புதிதல்ல. இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த எங்கள் ஆட்களும் இதே கட்டிலில் வந்து படுப்பார்கள். முன்பு ஏதாவது காயம், பாதிப்பு உண்டா என்று கேட்டால், ஒன்றுமில்லை, உயிரோடு வந்து சேர்ந்தோம்தானே என்பார்கள். செத்தவர்களோடு தங்களை ஒப்பிட்டுத்தான் பதில் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

மருத்துவரிடம் நான் சொல்லலாமா என்று கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நித்திரையோ என்றுகூட நினைத்தேன். பிறகு, "மனிசிக்கு நான் சொல்லவேணும். அதுக்குப் பிறகு நீங்கள் சொல்லுங்கோ" என்றார்.

மூன்றாம் நாள் மின்தூக்கியில் அவருடைய மனைவி என்னைக் கண்டு, கையைப் பிடித்துக்கொண்டு, கதவு திறக்கும்வரை விடவில்லை. இறங்கும்போது, சொல்லிவிட்டார் என்று மட்டும் சொன்னார். நான் தலையாட்டினேன்.

எங்கள் பிரிவில் கோயம்புத்தூரிலிருந்து வந்த இளம் மருத்துவர் ஒருத்தி இருக்கிறாள். நான் கதைப்பது அவளுக்குப் பாட்டுப்போலக் கேட்குமாம், அவள் பேசுவது எனக்குச் சினிமா பார்ப்பதுபோல இருக்கும். அவரைப் பார்க்கும் மருத்துவர் அவள்தான். கடுகு வாயு பற்றி நான் சொன்னதும், அவருடைய இதயப் படங்களை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தபடி என்னிடம் கேட்டாள்.

"அக்கா, ரைட் சைடு பிரஷர் இவ்வளவு இருக்கு. வெறும் மாவு டஸ்ட்டுன்னு எப்படி விட்டாங்க?"

"அவர் சொல்லேல்லை. ஒருத்தரும் கேக்கவுமில்லை" என்றேன்.

பிறகு பரிசோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. நுரையீரலின் சின்னஞ்சிறு குழாய்கள் வடுப்பட்டுச் சுருங்கியிருந்தன. ஒக்சிசன் குறையக் குறைய அங்குள்ள இரத்தக் குழாய்களும் இறுகிவிட்டன. அவற்றுக்குள் இரத்தத்தைத் தள்ளித் தள்ளி, பல வருடமாக வலப்பக்க இதயம் தேய்ந்திருந்தது. இடப்பக்க விறைப்பு வாயுவாலா வயதாலா என்று தன்னால் சொல்ல முடியாது என்று அவள் அவரிடம் ஒளிக்காமல் சொன்னாள். பட்ட வடு மாறாது, சுமையைக் குறைக்கலாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றாள். அவருடைய கோப்பின் முதல் வரியில் இருந்த மாவு போய், கடுகு வாயு வந்தது. அதைத் திரையில் திருப்பிக் காட்டியபோது, அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார்.

வீட்டில் ஒக்சிசன் இயந்திரம் வந்தது, மருந்துகள் வந்தன, கால் வீக்கம் வற்றியது. கோடையில் அவரும் மனைவியும் ரொம்சோஸின் சின்ன ஏரியைச் சுற்றி நடப்பார்கள். கரையில் போட்டிருக்கும் ஒவ்வொரு வாங்கிலும் உட்கார்ந்து உட்கார்ந்துதான் நடை. நான் எதிரே வந்தால் இடம் விட்டு ஒதுங்கி உட்காருவார். ஏரித் தண்ணீர் கறுப்பாக, அசையாமல் கிடக்கும். ஒருநாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது, வாகனத்தில் கிடந்தவர்களில் ஒருவன் வழி முழுக்கத் தன் ஊர்ப் பழத்தோட்டத்தைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தான் என்றார். என்ன பழம் என்று மனைவி கேட்டார். மாதுளை என்றார். அந்த மாதுளையின் நிறம் எப்படி, தோல் எப்படி என்று மனைவி ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, நினைவில் இருந்ததை அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன மாதப் பரிசோதனைக்கு மனைவியும் கூடவே உள்ளே வந்தார். வலப்பக்கம் சிறுக்கவில்லை, ஆனால் மேலும் பெருக்கவும் இல்லை. அழுத்தம் சற்றே இறங்கியிருந்தது. இதயத்தின் சத்தத்தைக் கேட்கலாமா என்று மனைவி கேட்டார். ஒலியைக் கூட்டிவிட்டேன். மணலில் அலை ஏறி இறங்குவதுபோல அந்தச் சத்தம் அறை முழுவதும் நிறைந்தது. மனைவி நாற்காலியை இழுத்து, திரைக்குக் கிட்ட உட்கார்ந்தார். அளவெல்லாம் முடிந்து நான் திரும்பிப் பார்த்தபோது, கட்டிலில் கணவர், கை தலைக்கு மேலே கிடக்க, வாய் லேசாகத் திறந்தபடி நித்திரையாகியிருந்தார். அடுத்த நோயாளிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. மனைவி என்னைப் பார்த்தார். நான் போர்வையைப் படுத்திருந்தவரின் தோள்வரை இழுத்துவிட்டேன்.