மகளுக்கும் வேலை இல்லை

என் மகளும் மகனும் பட்டதாரிகள். இருவருக்கும் வேலை கிடைக்கவில்லை. மகன் சும்மா இருப்பதைப் பார்த்து ஊரே வருந்தும். மகளோ விடிந்ததும் சமையல், துணி, மாடு என்று ஓடுவாள். பிறகு புளி தட்டிக் கொட்டை எடுப்பாள்.

போன மாதம் ஜமுனாமரத்தூர் சந்தைக்கு வந்த என் அண்ணன் வீட்டுக்கும் வந்தார்.

“பையனுக்கு எதனா வேல கெடச்சுதா?” என்று என்னிடம் கேட்டார்.

புளி தட்டிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள். “எனக்குந்தான் கெடைக்கல மாமா. என்னிய யாருமே கேக்க மாட்றீங்க.”

அண்ணன் சிரித்துவிட்டார். “நீதான் ஓயாம வேல செய்யறியே! ஒனக்கு இன்னாம்மா கொற?”

அவள் குனிந்து மறுபடி புளி தட்டத் தொடங்கினாள். மாலையில், போட்டித் தேர்வுக்குப் படித்துவந்த புத்தகங்களைத் தம்பியின் அலமாரியில் அடுக்கினாள்.

“அவனாவது படிக்கட்டும்மா” என்றாள்.

அதன்பின் அவள் வேலையைப் பற்றிப் பேசுவதே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.