புரட்டாசிச் சனியில் எடுத்த ரத்தம்

கம்பவுண்டர் என்றால் பாதி டாக்டர் என்று ஊர் நினைக்கும். பாதி வேலைக்காரன் என்று டாக்டர் நினைப்பார். இரண்டுக்கும் நடுவில் நின்று மருந்து மிக்சர் கலக்கியவர்களே, உங்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லிவிடப் போவதில்லை. உலக யுத்தம் நடந்த வருஷங்களில் பாப்பாரப்பட்டியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். ஊரார் வியாதியை எல்லாம் வெற்றிலை மென்றுகொண்டே பார்த்தவன், சொந்தத் தங்கைக்கு வந்தபோது வெலவெலத்துப் போனேன்.

மஞ்சள் தடிப்பு

தங்கை ராஜம்மாளைப் பென்னாகரம் போகிற வழியில் ஒரு கிராமத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். கலகலவென்று பேசுகிறவள் ஒரு வருஷத்தில் ஆளே மாறிவிட்டாள். முகம் ஊதி, குரல் கம்மி, சித்திரை வெயிலிலும் கம்பளி கேட்டாள். அடுப்பில் வைத்ததை மறந்தாள். சுவரைப் பார்த்து முணுமுணுத்தாள். பேய் என்று முடிவு கட்டி, பூசாரியிடம் வேப்பிலை அடியும் வாங்கிக் கொடுத்திருந்தார்கள்.

ஆவணி மாதம் அவள் மாமியார் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தார். டாக்டர் பேயைப் பற்றிக் கேட்கவே இல்லை. கண் இமை ஓரத்தில் இருந்த இரண்டு மஞ்சள் தடிப்புகளையே உற்றுப் பார்த்தார். "கொழுப்பு படிஞ்சிருக்கு. ரத்தம் பார்க்கணும்" என்றார். வெளியே வந்ததும் மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தை பொறந்தா எம் பையனுக்கு வேற பொண்ணு பாக்கறதுன்னு பேச்சு. அதுக்குள்ள தெளிஞ்சா எங்க வூட்டுல இருக்கட்டும். இல்லாட்டி நீங்களே கூட்டிக்கங்க, தம்பி."

வெறும் வயிறு

காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அழைத்து வரச் சொன்னேன். வந்தார்கள். ரத்தம் எடுத்து, கண்ணாடிக் குழாயில் உறைய வைத்தேன். மேலே தெளிகிற நீர் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். இவளுக்குச் சோற்றுக் கஞ்சி மாதிரி வெளுத்து நின்றது. டாக்டர் குழாயை வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு என்னவோ தோன்றி, சாப்பிட்டாளா என்று கேட்டார். நான் மாமியாரைப் பார்த்தேன்; அவர் தரையைப் பார்த்தார்.

சாப்பிட்ட எண்ணெய், நெய்யே ரத்தத்தை அப்படி வெளுக்க வைக்கும் என்று டாக்டர் குழாயைக் கொட்டிவிட்டார். வியாதி நிச்சயமாகாமல், அவர் மனதில் வைத்திருந்த மாத்திரையைக் கொடுத்தால் நெஞ்சு படபடத்து ஆபத்தாகிவிடுமாம். அதோடு யுத்த காலத்தில் அந்த மாத்திரை கிடைப்பதே அரிது. மறு வாரமும் அதே கதைதான். நான் கோபத்தில் கத்தியே விட்டேன். மாமியார் கண் கலங்கிச் சொன்னார்: "ரத்தத்தை உறிஞ்சறீங்க, வெறும் வயித்தோட அனுப்ப நான் என்னா ராட்சசியா? நெய் ஊத்தி நாலு வாய் ஊட்டித்தான் கூட்டியாந்தேன்."

பெருமாள் செய்த உதவி

அந்த வீட்டில் ஒரு ஆளைப் பட்டினி போட யாரால் முடியும்? யோசித்துப் பார்த்தால் பெருமாளால்தான் முடியும். புரட்டாசிச் சனிக்கிழமை படையல் போடும்வரை அங்கே யாரும் பல்லில் பச்சைத் தண்ணீர் படவிட மாட்டார்கள். டாக்டரிடம் சொல்லிவிட்டு, ஊசியைக் கொதிக்க வைத்து எடுத்துக்கொண்டு, விடிந்ததும் சைக்கிளில் போய் நின்றேன். நாமம் போட்ட நெற்றியோடு ராஜம்மாள் கையை நீட்டினாள்.

திரும்பி வரும்போது குழாய் சட்டைப் பையில் இருந்தது. நீர் தெளிவாக வந்தால் அவள் பைத்தியம்தான் என்று வாழாவெட்டியாக்கி அனுப்பிவிடுவார்கள். வெளுத்து வந்தால் அது வியாதி. வியாதிக்கு மருந்து உண்டு. தங்கையின் ரத்தம் கெட்டிருக்க வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே மிதித்தேன். எந்த அண்ணனாவது இப்படி வேண்டியிருப்பானா? மத்தியானம் வரை குழாயைப் பார்க்கவே பயந்தேன். டாக்டர்தான் பார்த்தார். "வெளுத்துத்தான் இருக்கு. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. கழுத்துச் சுரப்பி தூங்குது. அதனால கொழுப்பு கரையாம ரத்தத்துல தேங்குது, புத்தியும் மந்தமாகுது."

மாத்திரை

சேலத்திலிருந்து, பெட்ரோல் கிடைக்காமல் கரி எரித்து ஓடிய பஸ்ஸில் மாத்திரை வந்தது. ஆட்டின் கழுத்துச் சுரப்பியைக் காயவைத்துச் செய்தது. புரட்டாசி முடியவில்லை; அந்த வீட்டில் முட்டைகூடப் படியேறாத மாதம். ஐப்பசி வரை பொறுக்கலாம் என்றால் தை என் கண்முன் நின்றது. "இதுல கவுச்சி ஒண்ணும் இல்லீங்களே?" என்று மாமியார் கேட்டார். "மருந்துங்க அத்தை" என்று மட்டும் சொன்னேன். வாரா வாரம் சைக்கிளில் போய் நாடி பார்த்தேன். அவர் எப்போது டப்பாவைத் தூக்கி எறிவாரோ என்று உள்ளுக்குள் உதறிக்கொண்டே இருந்தது.

கார்த்திகையில் முக வீக்கம் வடிந்தது. மார்கழிக் குளிரில், எல்லோரும் போர்த்தியிருக்க, ராஜம்மாள் கம்பளியை உதறிவிட்டு, "ஏண்ணா, இப்படி எளைச்சுப் போயிட்ட?" என்றாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். தை பிறந்தது, பெண் பார்க்கும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. பொங்கலன்று மாமியார் எனக்குக் கரும்பு கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "மாத்திரைய அன்னைக்கே மோந்து பாத்துட்டேன், தம்பி. புள்ள பொழைக்கட்டும்னு குடுத்தேன். பாவம் உங்களுதுன்னு பெருமாள்கிட்டச் சொல்லிட்டேன்."

தங்கை ரத்தம் கெட்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவனுக்கு ஆட்டுக் கழுத்துப் பாவமும் ஒன்று கூடினால் என்ன என்று சமாதானம் சொல்லிக்கொண்டாலும், புரட்டாசி பிறந்தால் எனக்கு இன்றும் கொஞ்சம் உதறத்தான் செய்கிறது.