கேசட்டைத் திருப்பிப் போட்ட மாதேஷ்

மாதேஷ் போய்விட்டான் என்று எனக்குச் சொன்னவர் எங்கள் கம்பெனி வாசல் காவலர் வெங்கடசாமி. அவர் தன் நாற்காலியை விட்டு உள்ளே வந்து நான் பார்த்ததேயில்லை. அன்று காலை ஷிப்டில் என் மெஷின் பக்கத்தில் வந்து நின்று, கன்னடத்தில் ஆரம்பித்தார், தெலுங்குக்குப் போனார், கடைசியில் தமிழில் சொல்லி முடித்தார். மூன்றில் ஒன்றிலாவது அது பொய்யாகிவிடாதா என்று பார்த்தார் போலிருக்கிறது. கெலவரப்பள்ளியில் தன் நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவன் வரப்பில் உட்கார்ந்திருக்கிறான், எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். ஐம்பதுகூட ஆகாத ஆள். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஷிப்ட் முடிந்து பஸ் ஹாரன் அடித்தாலும், அடுத்த ஆள் வந்து நிற்காமல் டேபிளை விட்டு நகராதவன் அவன். இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பலாமா?

அவனைத் தெரிந்த உங்களுக்கு அவன் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஓசூரில் மூக்கண்டப்பள்ளி பக்கம் வண்டிக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் அவன் இன்ஸ்பெக்ஷன். வருகிற பீஸை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சை அட்டை, திருத்தினால் தேறும் என்றால் மஞ்சள், தேறாது என்றால் சிவப்பு. அந்தப் பச்சை மஞ்சள் சிவப்பை அவன் கம்பெனிக்குள் விட்டுவிட்டு வந்ததே கிடையாது. ஹோட்டல் காபிக்கும் போடுவான், என் கல்யாணத்துக்குப் பார்த்த பெண்வீட்டாரின் உபசாரத்துக்கும் போட்டான். பாட்டுக்கும் போட்டான். அதுதான் எங்களைச் சேர்த்தது.

நாங்கள் கேட்டது புராகிரஸிவ் மெட்டல். கனமான கிதார், நேராக நடக்காத தாளம், ஒரே பாட்டுக்குள் நாலைந்து பாட்டு. நான் கோவில்பட்டிப் பக்கத்து ஆள். ஜோசப் நாகர்கோவில்காரன், மெயின்டனன்ஸில் இருந்தான். மாதேஷ் மட்டும்தான் உள்ளூர். வீட்டில் தெலுங்கு, கடைவீதியில் கன்னடம், எங்களிடம் தமிழ். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வாடகை அறையில் கூடுவோம். பெங்களூரிலிருந்து யாராவது புது ஆல்பம் ஒன்றைப் பதிவு பண்ணிக் கொண்டுவந்தால், அதைக் கேட்டு முடித்து, மாதேஷ் ஒரு பக்கத்துக்கு மதிப்புரை எழுதுவான். அதை ஜெராக்ஸ் எடுத்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்புவோம். பெங்களூரில் கேசட் மாற்றிக்கொள்கிற கூட்டம் ஒன்று இருந்தது. நல்ல நல்ல வேலையில் இருந்தவர்கள். அவர்கள்கூட ஓசூர்த் தாள் வந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் பதிவு பண்ணப் போவார்கள் என்று பேச்சு. கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது எங்களுக்கு.

இங்கிலீஷ் பாட்டு முழுசாகப் புரியுமா என்று ஒருநாள் அவனைச் சீண்டினேன். எனக்கும் பாதிதான் புரியும், அது வேறு விஷயம். அவன் அசரவில்லை. "வார்த்த புரியலன்னா என்னா குரு? ஆளு அழுவுறானா ஓடுறானான்னு தெரியுது இல்ல, அது போதும்" என்றான். 'குரு' என்பது பெங்களூர்ப் பழக்கம். சிநேகிதர்களை அப்படித்தான் கூப்பிடுவான்.

இனி அந்த ஆல்பத்துக்கு வருகிறேன். குளிர் நாடு ஒன்றிலிருந்து வந்த ஐந்து பேர் குழு, அவர்களுடைய இரண்டாவது ஆல்பம். குழுவின் பெயரைச் சொன்னாலும் இன்றைக்கு யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு சுரங்கத் தொழிலாளியின் கதை. வடக்கே மாற்றலாகிப் போகிற ஒருவர் அதை ஒரு வெற்றுக் கேசட்டில் பதிவு பண்ணி மாதேஷ் கையில் கொடுத்துவிட்டு ரயிலேறிவிட்டார். எது முதல் பக்கம், எது இரண்டாவது என்று எழுதவில்லை. மாதேஷ் இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் ஓட்டிக் கேட்டான். ஒரு பக்கம் சுரங்கம் இடிந்து விழுகிற சத்தத்தோடு தடாலென்று ஆரம்பித்தது. இன்னொன்று, ஒரு கதவு திறக்கிற சத்தம், பறவைகள், அப்புறம்தான் மெதுவாகக் கிதார். மெட்டல் ஆல்பம் தடாலென்றுதான் ஆரம்பிக்கும் என்று முடிவு செய்து, அந்தப் பக்கத்தில் '1' என்று சீட்டு ஒட்டினான். நாங்களும் தலையாட்டினோம்.

அப்படித்தான் கேட்டோம். சுரங்கம் இடிகிறது. மனிதன் உள்ளே மாட்டிக்கொள்கிறான். பாட்டுக்குப் பாட்டு இருட்டு கூடுகிறது. பக்கம் முடிகிற இடத்தில் எல்லா வாத்தியமும் நின்று, கல்லால் சுவரைத் தட்டுகிற ஓசை மட்டும். தட்டு, தட்டு, பிறகு அதுவும் தேய்ந்து நின்றுவிடும். கேசட்டை எடுத்துத் திருப்பிப் போட வேண்டும். அந்த நேரத்தில் எங்கள் அறையில் யாரும் பேசியதில்லை. போட்டதும் ஒரு கதவு திறக்கும். வெளியே காலை, பறவைகள், குழந்தை ஒன்றின் குரல், அப்புறம் துள்ளி நடக்கிற மாதிரி ஒரு பாட்டு. முதல்முறை கேட்டபோது ஜோசப் எழுந்து நின்று கைதட்டினான்.

மாதேஷ் எழுதிய மதிப்புரைகளில் அதுதான் சிறந்தது என்று இப்போதும் சொல்வேன். குறைகளை விடவில்லை. கீபோர்டு வாசிப்பவர் விருந்தாளி மாதிரி வந்து வீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்துவிடுகிறார் என்று எழுதினான். டிரம்மர் தனக்கு எண்ணத் தெரியும் என்று காட்டிக்கொண்டேயிருக்கிறார் என்றான். ஆனால் கடைசியில், 'கேசட்டைத் திருப்பும் நேரத்தையும் கதைக்குள் சேர்த்துவிட்டார்கள், தட்டியவன் நம்மோடு சேர்ந்து காத்திருக்கிறான்' என்று எழுதி, ஓரத்தில் பச்சைப் பேனாவால் கட்டம் போட்டுவிட்டான். பெங்களூரில் அந்தத் தாள் கைமாறிக்கொண்டேயிருந்தது. அவனிடமே கேசட் வாங்கி, அதே வரிசையில் பதிவு செய்துகொண்டார்கள்.

அந்த வருஷம்தான் நான் வேலை பார்த்த யூனிட்டை மூடினார்கள். ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று பெட்டி கட்டிவிட்டேன். அங்கே போய் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது, இங்கே அறையில் சும்மா படுத்திருப்பதற்கு அது தேவலை என்று தோன்றியது. மாதேஷ் வந்தான். போகாதே என்று சொல்லவில்லை. அந்தக் கேசட்டையும் டேப்ரிக்கார்டரையும் வைத்துவிட்டு, அடுத்த ஞாயிறு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று போய்விட்டான். அந்த வாரம் முழுக்க அதைத்தான் கேட்டேன். தட்டும் ஓசை நிற்கும்போது படுக்கையிலிருந்து எழுந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கதவு திறக்காது. சிரிப்பாகத்தான் இருக்கிறது சொல்ல. ஆனால் அந்த வாரம் நான் படுக்கையை விட்டு எழுந்தது பெரும்பாலும் அதற்காகத்தான். எழுந்தவன் ஒருநாள் அப்படியே சட்டை மாட்டிக்கொண்டு வேலை தேடப் போனேன். இப்போது இருக்கிற கம்பெனி அப்போது கிடைத்ததுதான்.

இதெல்லாம் நடந்து வெகுநாள் கழித்து, பெங்களூர்க் கூட்டத்தார் ஒரு சிறிய அரங்கில் கூடி, ஆளுக்கொரு ஆல்பத்தைப் பற்றிப் பேசுவது என்று ஏற்பாடு செய்தார்கள். மாதேஷையும் அழைத்தார்கள். அந்த ஆல்பத்தைப் பற்றித்தான் பேச வேண்டும் என்றார்கள். கௌரம்மா, அவன் மனைவி, அவனுக்காகப் புதுச் சட்டை எடுத்து வைத்தார். அதற்கு முந்தைய ஞாயிறு ஜோசப் வந்தான், வளைகுடாவிலிருந்த அவன் அக்கா அனுப்பிய சிடி பிளேயரோடு. கூடவே அதே ஆல்பத்தின் சிடி.

போட்டோம். கதவு திறந்தது, பறவை கத்தியது.

சிடியில் ஏதோ கோளாறு என்று சிரித்தோம். பிறகு ஜோசப் அட்டையைப் பிரித்துப் பாட்டு வரிசையைப் படித்தான். சிரிப்பு நின்றது. கதவு திறப்பது முதல் பாட்டு. அவன் காலையில் வேலைக்குக் கிளம்புகிறான், அவ்வளவுதான். அப்புறம்தான் சுரங்கம் இடிகிறது. தட்டும் ஓசை தேய்ந்து நிற்பதோடு ஆல்பம் முடிந்துவிடுகிறது. யாரும் வரவில்லை.

ஜோசப் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னான். சிடி வைத்திருப்பவர் இந்தப் பக்கத்தில் யாருமில்லை, பேசாமல் பழையபடியே பேசிவிட்டு வா என்றான். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. இத்தனை வருஷம் சம்பாதித்த பேரை ஒரே நாளில் சந்தி சிரிக்க விடுவதா? எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்த மனிதன் உள்ளேயே செத்துப்போனான் என்றால், நான் எழுந்து சட்டை மாட்டிக்கொண்டது எதற்காக? இதை மாதேஷிடம் கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன்.

அவன் முதலில் ஜோசப்புக்குத்தான் பதில் சொன்னான். "நான் பாஸ் போட்ட பீஸு லைன்ல போயி நின்னுச்சுன்னா, நான்தான் போயி அங்க நிக்கணும். வேற ஆளயா அனுப்ப முடியும்?" கம்பெனியில் உண்மையாகவே அப்படித்தான் செய்வான். பாகங்களைப் பொருத்துகிற அசெம்பிளியில் சத்தம் கேட்டால், கூப்பிடும் முன்பே போய் நிற்பான்.

பிறகு என் பக்கம் திரும்பினான். "அவங்க தட்டுறதோட வுட்டுட்டாங்க குரு. நாம திருப்பிப் போட்டோம். ஆனா தொறந்த கதவும் அவங்க செஞ்சதுதான், நாம ஒண்ணும் செஞ்சு வெக்கல. அது அந்தக் கேசட்லயேதான இருந்துச்சு?"

அன்று எனக்கு அது சமாதானமாகப் படவில்லை. அவனோடு சரியாகப் பேசாமலேதான் அடுத்த ஞாயிறு பஸ்ஸில் பெங்களூர் போனேன்.

மேடையேறி முதல் வார்த்தையே அதுதான். நான் எழுதியது தப்பு, பக்கத்தை மாற்றி ஒட்டியது நான், உங்கள் கேசட்டெல்லாம் தலைகீழாக இருப்பதற்கு நான்தான் காரணம் என்றான். அரங்கம் ஒரு கணம் புரியாமல் இருந்தது. பிறகு சிரிப்பு. நீண்ட முடி வைத்த ஒருவர், ஓசூர்க்காரர்கள் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார்கள் என்று இங்கிலீஷில் சொல்ல, சிரிப்பு கூடியது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாதேஷும் சிரித்தான். சிரித்து முடிக்கும்வரை நின்றான். அப்புறம், இரண்டு வரிசையிலும் ஒருதரம் கேட்டுவிடலாமா என்று கேட்டான்.

முதலில் சிடி. அவர்கள் எழுதிய வரிசையில் அது எவ்வளவு பெரிய ஆல்பம் என்று அன்றுதான் எனக்கும் தெரிந்தது. அந்தக் காலைப் பாட்டின் துள்ளலே பிறகு இருட்டில் உடைந்து உடைந்து திரும்பி வருவதை நாங்கள் கவனித்ததேயில்லை. சிடி முடிந்தது. மாதேஷ் டேப்ரிக்கார்டரில் எங்கள் கேசட்டைப் போட்டான். நேரமாகிவிட்டது என்று சிலர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் இருந்தார்கள். தட்டும் ஓசை நின்றது. அவன் கேசட்டை எடுத்து, எல்லோருக்கும் தெரியும்படி திருப்பிப் போட்டான். கதவு திறந்தபோது நீண்ட முடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே வரும்போது அவர் மாதேஷிடம் வந்து, தன் கேசட்டில் சீட்டை மாற்றப்போவதில்லை என்று கன்னடத்தில் சொன்னார். கடகடவென்று இருவரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான்தான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கையைப் பிடித்து இழுத்து வந்தேன். வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தோம். என் கோபம் சந்தாபுரம் தாண்டுவதற்குள் போய்விட்டது.

அடுத்த தாளில் எழுதினான்: 'ஆல்பத்துக்குப் பச்சை. என் மதிப்புரைக்கு மஞ்சள்.' திருத்தி எழுதியதை நீங்கள் படித்திருப்பீர்கள். கேசட்டில் தான் ஒட்டிய சீட்டை அவன் கிழிக்கவில்லை, அதன் கீழே 'ஓசூர் வரிசை' என்று மட்டும் எழுதி வைத்தான்.

காரியம் முடிந்த மத்தியானம் ஜோசப்பும் நானும் அவன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காட்டுக் கத்தல் தலைவலி என்று காலமெல்லாம் சண்டை போட்டவர் கௌரம்மா. அவர் உள்ளே போய் டேப்ரிக்கார்டரைத் தூக்கி வந்து எங்கள் முன்னால் வைத்தார். "அவரு கேப்பாரே, செவுத்தத் தட்டுறது, அதப் போடுங்கண்ணா" என்றார்.

நான் போட்டேன். அவனிடமிருந்து நான் வைத்துக்கொள்ளப்போவது என்ன என்று கேட்டுக்கொண்டே அதைக் கேட்டேன். கேசட் அந்த வீட்டில்தான் இருக்க வேண்டும். எனக்கு அவன் விட்டுப்போனது, சத்தம் நின்றதும் எழுந்துவிடுகிற பழக்கம். அது போதும் எனக்கு.

ஆனால் அன்று நான் எழவில்லை. தட்டும் ஓசை தேய்ந்து நின்றது. ஜோசப் முகத்தை மூடிக்கொண்டிருந்தான். கௌரம்மாதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய், கேசட்டை எடுத்துத் திருப்பிப் போட்டார்.

கதவு திறந்தது.