ரைட்டர் தாமோதரனின் வலது கை

ராயபுரம் கல்மண்டபத்துப் பக்கம் குடியிருந்த தாமோதரனை எல்லோரும் ரைட்டர் என்றுதான் கூப்பிடுவோம். துறைமுகத்தில் கப்பலில் ஏறும் சரக்கை எண்ணிக் குறிப்பது அவர் வேலை. ஊரார் சண்டையைத் தீர்ப்பது, யாரும் கொடுக்காமல் அவரே இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. அதற்காக அவரை நான் கேலி செய்ததுண்டு. ஆனால் நானும் என் தம்பியும் மறுபடி முகம் பார்த்துப் பேசியது அவரால்தான்.

அவரிடம் ஒரே சட்டம். எதிராளியின் நியாயத்தை, அவன் வாயாக நின்று, முதலில் நீ சொல்ல வேண்டும். அவன் "அதான்" என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் உன் பக்கத்தைப் பேசலாம். குரல் உயர்ந்தால், வலது உள்ளங்கையைக் கவிழ்த்து மெதுவாக இறக்கிக் காட்டுவார். குரலும் தணிந்துவிடும்.

1951 ஆடியில், துறைமுகத்தில் சரக்கேற்றும் எங்கள் கேங்கில் துரை செத்துப்போனான். கப்பலின் அடி அறையில் தோல் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவன் தலைமேல் அடுத்த பாரம் இறங்கிவிட்டது. மேலே பாரம் இறக்கும் விஞ்சு எந்திரத்தை ஓட்டிய தவசிமுத்துவுக்கு அடி அறை கண்ணில் படாது. மேல்தளமான டெக்கில் நிற்கும் வரதன் கை காட்டினால்தான் இறக்குவான். வரதனோ தான் கையைத் தூக்கவே இல்லை என்றான். தவசிமுத்து கையைப் பார்த்ததாகச் சத்தியம் செய்தான்.

இருவரில் யார் கொலைகாரன் என்று கேங்கே இரண்டாகப் பிளந்தது. பிறகு தவசிமுத்து இன்னொன்றும் சொன்னான்: அந்தக் கைக்கு உடம்பு இல்லை. அதற்கப்புறம் பட்டப்பகலில்கூட அந்தக் கப்பல் பக்கம் போக எங்களுக்குக் குலை நடுங்கியது.

ஞாயிறு மத்தியானம், காலிக் கிடங்கொன்றில் ரைட்டர் இருவரையும் எங்கள் கேங்கின் நடுவே உட்கார வைத்தார். துரையின் மனைவி சொக்கம்மாள், யாரும் கூப்பிடாமலே வந்து வாசலோரம் உட்கார்ந்தாள். சரக்கில்லாத கிடங்கில் தோல் நாற்றம் மட்டும் இருந்தது.

வரதன் தொடங்கினான். "நான் தவசிமுத்து. கட்டுங்களுக்கு மேல கை மட்டும் தெரிஞ்சிது. ஆளைக் காணோம். கொழந்தையைத் தூங்க வெக்கிற மாதிரி மெதுவா எறங்கிச்சு. நானும் பாரத்தை எறக்கிட்டேன்."

"அதான்," என்றான் தவசிமுத்து.

"இப்ப என் பேச்சு. நான் கை தூக்கல. டெக்குல ரெண்டு பேரு அடிச்சிகினு இருந்தானுங்க, திரும்பிப் பாத்துகினு இருந்தேன்."

"பொய்யி!" தவசிமுத்து எகிறினான். ரைட்டர் வழக்கம்போல உள்ளங்கையைக் கவிழ்த்து, மெதுவாக இறக்கினார்.

தவசிமுத்துவின் குரல் பாதியில் அறுந்தது. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். "அந்தக் கை," என்றான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று டெக்கில் அந்த இருவரையும் விலக்கியவர் ரைட்டர். அங்கே குவித்திருந்த தோல் கட்டுகளுக்குப் பின்னால் நின்றிருந்தார். விஞ்சிலிருந்து பார்த்தால் கை மட்டும்தான் தெரிந்திருக்கும். பாதி இறங்கி நின்ற தன் கையை, அது வேறு யாருடையதோ என்பதுபோல அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் கேங் மேஸ்திரி கோதண்டம் முந்திக்கொண்டார். "ரைட்டரே, பேயி உங்க கையில பூந்துகினு கீது. ஒரு கற்பூரம் ஏத்தினா போயிடும். யார் மேலயும் தப்பில்ல."

எல்லோருக்கும் மூச்சு வந்தது. அப்படியே முடிந்துவிடட்டும் என்று நானும் வேண்டினேன், வெட்கமில்லாமல். ரைட்டர் எழுந்துபோய் சொக்கம்மாள் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"நான் துரை," என்றார். "கீழ தோல் கட்டுங்கள அடுக்கிகினு இருந்தேன். தாமோதரன் கைய ஆட்டுனான். பாரம் வந்துச்சு. நான் வூடு திரும்பல."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். வெளியே ஒரு கப்பல் ஊதி ஓய்ந்தது. சொக்கம்மாள் அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு புடவையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.

மறுவாரமே வரதனும் தவசிமுத்துவும் ஒரே கப்பலில் வேலை செய்தார்கள். ரைட்டர் அதற்குப் பிறகும் பதின்மூன்று வருடம் சண்டைகளைத் தீர்த்தார், வலது கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு. ஒருநாள் எனக்குத் தாங்கவில்லை. "நீங்க சண்டையை வெலக்கத்தானே ரைட்டரே அன்னிக்கு..." என்று ஆரம்பித்தேன்.

அவர் தடுத்துவிட்டார். "என் பேச்சு அப்புறம்பா. சொக்கம்மா இன்னும் 'அதான்' சொல்லலியே."