தலையை ஆட்டிவிட்டேன்

தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள் நான். சர்க்கரையால் கண்ணுக்குள்ளே ரத்தம் கசிகிறது, லேசர் வைக்காவிட்டால் பார்வை போய்விடும் என்றார்கள். கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டரம்மா என் கண்மேல் சோடா மூடி அளவு ஒரு கண்ணாடியைப் பொருத்தினார்.

"இது வெளிச்சத்த ஊசிமுனை அளவுக்குக் குவிக்கும்மா. எடம் மாறி நடுக்கண்ணுல பட்டா பார்வை போயிடும். ஆடாதீங்க."

பச்சை வெளிச்சம் பளிச் பளிச்சென்று விழுந்தது. நான் மேஜை விளிம்பை இறுகப் பிடித்ததை அவர் பார்த்திருக்க வேண்டும்.

"பயமா இருக்காம்மா?"

எனக்கா பயம்? இல்லையென்று தலையை ஆட்டிவிட்டேன்.

வெளிச்சம் சட்டென்று நின்றது. டாக்டரம்மா மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது.

"நல்லவேளை, நிறுத்திட்டேன். பயமா இருந்தா வாயத் தொறந்து சொல்லுங்கம்மா. தப்பில்ல."

"பயமாத்தான் கீது, டாக்டரம்மா" என்றேன். கட்டியவரிடம்கூட நான் சொல்லாத வார்த்தை அது.

நர்ஸ் பெண் பின்னால் வந்து என் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா ஆயா, மார்க்கெட்டையே மெரட்டுற ஆளாமே நீ?"

"சும்மா புடிடீ" என்றேன்.

மறுபடி வெளிச்சம் விழுந்தது. பயம் போகவில்லை. ஆனால் அதைச் சொன்ன பிறகு, அந்தக் கைகளுக்குள் என் தலை கடைசிவரை அசையவே இல்லை.