அத்தானின் இடப்பக்க ஒலிபெருக்கி

அத்தான் எங்களை விட்டுப் பிரிந்து இந்தப் புரட்டாதியோடு ஓராண்டு நிறைவாகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும்படி மருமகள் கேட்டபோது நான் உடனே சம்மதிக்கவில்லை.

"மாமா, அப்பாவோடை ஆகலும் பழகினது நீங்கள்தானே. நீங்கள் எழுதாமல் வேற ஆர் எழுதுறது?" என்று அவள் கேட்டாள்.

அவள் சொன்னது உண்மை. அதனால்தான் தயங்கினேன். என் அக்காவின் கணவராக வந்து எனக்குத் தமையனும் நண்பனுமாக இருந்தவரைப் பற்றி எழுதுவதென்றால் ஒரு விடயத்தை ஒளிக்காமல் எழுத வேண்டும். எழுதினால், என்னைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் எண்ணம் குறையும். குறையட்டும்.

அத்தான் சுன்னாகத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே தகப்பனாரை இழந்தார். தபால் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து, தங்கைமார் இருவருக்கும் கலியாணம் செய்துவைத்த பின்புதான் அக்காவைக் கைப்பிடித்தார். நாட்டு நிலைமை மோசமானபோது எல்லோரையும் போல அவரும் கிழக்கு பெர்லின் ஊடாக இந்த ஜேர்மன் நாட்டுக்கு வந்து சேர்ந்தார். ஹம் நகருக்கு அருகில் ஓர் அகதி விடுதியில் இருந்தார். அக்காவும் கைக்குழந்தையாக இருந்த மருமகளும் வந்து சேரும்வரை அவர் பட்ட தனிமையை அவர் யாருக்கும் சொன்னதில்லை. அடுத்ததாக நான் வந்தேன். என்னைத் தன் கட்டிலில் படுக்கவிட்டு, வேலைக்குப் போகும் தன் தடித்த மேற்சட்டையை விரித்து நிலத்தில் படுத்தவர் அவர். பின்னர் பாண் தொழிற்சாலை ஒன்றில் ஓய்வுபெறும்வரை வேலை செய்தார். அடுப்புத் தட்டுகள் சுட்ட தழும்புகள் இரு முன்னங்கைகளிலும் வரிவரியாக இருந்தன. யாருக்காவது கந்தோர்க் கடிதம் வந்தால், விண்ணப்பம் நிரப்ப வேண்டுமென்றால், அவர் தன் நித்திரையை விட்டு எழும்பிப் போவார். இவை உங்களில் பலருக்குத் தெரிந்தவை.

அவருடைய ஒலிபெருக்கிப் பைத்தியமும் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

இந்த நாட்டில், வேண்டாத பெரிய பொருட்களை வீதியோரம் வைப்பதற்கென்று நாள் குறித்திருப்பார்கள். அப்படி ஒருநாள், கதிரைகளுக்கும் கட்டில் சட்டங்களுக்கும் நடுவில் ஒரு மரப்பெட்டியை அத்தான் கண்டெடுத்தார். பெயர்த் தகடு கழன்றுபோன பழைய ஒலிபெருக்கி. அதை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்ததைப் பார்த்து அக்கா தலையில் கைவைத்தார். பழையதை வாங்குவதும், பெயரில்லாததை அடையாளம் காண்பதும், அதை வைத்துச் சிரிப்பதும் அதிலிருந்து எங்கள் இருவருக்கும் பழக்கமாகிவிட்டன. ஊரில் நான் பௌதிகம் படித்தவன். இங்கே வந்து அதனால் எனக்குக் கிடைத்த ஒரே பயன் இதுதான்.

ஞாயிறு காலைகளில் பழம்பொருட் சந்தைக்குப் போவோம். விற்பவர் "நல்லா வேலை செய்யும்" என்பார். அத்தான் தமிழில் எனக்குச் சொல்வார்:

"சந்தையிலை நல்லா வேலை செய்யும் எண்டால், வீட்டிலை போட்டுப் பாக்கேல்லை எண்டு அர்த்தம், மச்சான்."

பெட்டியின் முதுகைத்தான் முதலில் பார்ப்போம். கம்பி செருகும் இடத்தில் தட்டையாக ஒரு துளையும் உருண்டையாக ஒரு துளையும் இருந்தால் அது இந்த நாட்டுப் பழைய செய்கை. பிறகு முன்துணியைக் கழற்றி, கூம்பைச் சுற்றியிருக்கும் விளிம்பை விரலால் தொடுவோம். நுரைப்பஞ்சு விளிம்பென்றால் பழைய தோசை போலப் பிய்ந்து கையில் ஒட்டும். றப்பர் என்றால் இன்னும் உயிர் இருக்கும். கூம்பை இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல உள்ளே அழுத்தும்போது உரசும் சத்தம் கேட்டால் உள்ளே சுருள் கருகியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் கடைசியாக மணந்து பார்ப்போம்.

"என்ன மணக்குது, சொல்லும் பாப்பம்."

"சிகரெட், அத்தான்."

"வெறும் சிகரெட் இல்லை. பியரும் கிடக்கு. இவர் கனகாலம் சாராயக்கடையிலை நிண்டவர். இனித் தேவாரம் போட்டாலும் ஆடித்தான் பாடுவார்."

கூம்பின் நடுவில் உள்ள மூடி உள்ளே குழிந்திருந்தால், "இது பேரப்பிள்ளை வந்துபோன வீடு" என்பார். சிறு பிள்ளைகளின் விரல் முதலில் போகும் இடம் அதுதான். கீறலே இல்லாத பெட்டி கிடைத்தால், "பாவம், இவரை ஒருநாளும் வாய்திறக்க விடேல்லை" என்பார். சோடியில்லாமல் தனியே வரும் பெட்டிகள் எல்லாம் விவாகரத்தானவர்கள். அத்தான் வீட்டு நிலவறையில் அப்படி ஒரு வரிசையே நின்றது. துணியின் நெசவு, ஆணியின் தலை, மரத்தின் நிறம் என்று நாங்கள் பொருத்தம் பார்த்துச் சோடி சேர்ப்போம். அக்கா படியில் நின்று கத்துவார்:

"வளந்த பொம்பிளைப்பிள்ளை வீட்டிலை இருக்க, பெட்டியளுக்குக் கலியாணம் பேசுறியளே! உங்களுக்கு ஏதும் வெக்கம் கிடக்கோ?"

"வெள்ளிக்கிழமை மாப்பிளை பாக்க வருகினம். பலகாரம் சுடும்," என்பார் அத்தான்.

என் மனைவி இறந்த பிறகு எனக்கு இருந்த உயிர்ப்பான நேரம் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும்தான். நான் செய்ததற்கு இது சமாதானம் அல்ல. காரணம் என்பதால் சொல்கிறேன்.

ஓர் இலையுதிர்காலத்தில் ஒரு நல்ல சோடி கிடைத்தது. றப்பர் விளிம்பு, பழுதில்லாத கூம்பு. நிலவறையில் வைத்து வீணை இசை போட்டோம். அத்தான் முகத்தைச் சுளித்தார்.

"இடப்பக்கம் மங்கிக் கிடக்கு, மச்சான். தலையணை போட்டு அமத்தின மாதிரி."

எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன. பெட்டி பழுதா என்று அறிய எங்களிடம் எளிய முறை ஒன்று இருந்தது. இரண்டு பெட்டிகளையும் இடம் மாற்றி வைப்போம். மங்கல் பெட்டியோடு கூடப் போனால் பழுது பெட்டியில். இடப்பக்கத்திலேயே நின்றால் பழுது வேறெங்கோ. மாற்றி வைத்தோம். மங்கல் இடப்பக்கத்திலேயே நின்றது. ஒலியைப் பெருக்கும் கருவியில் கம்பிகளைத் தலைமாற்றிச் செருகினோம். அப்போதும் இடப்பக்கம்தான்.

"எல்லாம் மாத்தியாச்சு, அத்தான். மாத்தாமல் மிஞ்சியிருக்கிறது உங்கடை தலை ஒண்டுதான். அதைத் திருப்பி வைச்சுப் பாருங்கோ," என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு உண்மையாகவே கதிரையைத் திருப்பிப்போட்டு, பெட்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். 

"இப்ப மற்றப் பெட்டி மங்குது," என்றார்.

பழுது எங்கே என்று இருவருக்கும் அந்தக் கணத்திலேயே தெரிந்துவிட்டது. பிழை கண்டுபிடிக்கும் முறையை ஒழுங்காகக் கடைசிவரை செய்தோம். விடையும் வந்தது. அதைத்தான் நாங்கள் ஏற்கவில்லை. அவர் எழும்பி, "காதுக்குறும்பியாய் இருக்கும்" என்றார். நானும் ஓம் என்றேன்.

அடுத்த கோடையில் ஊன்ட்றொப் அம்மன் கோவில் தேருக்கு எல்லோரும் போயிருந்தோம். கால்வாய்க் கரைப் புல்லில் பாய் விரித்துச் சாப்பிட்டோம். இதை வாசிக்கும் உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். பாரிஸிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர் அத்தானின் இடப்பக்கம் இருந்து ஏதோ கேட்டார். அத்தான் திரும்பவில்லை. அவர் மீண்டும் கேட்டார். அப்போது நான் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்:

"அந்தப் பக்கம் இருந்து கத்தாதேங்கோ. அத்தான் இப்ப ஸ்டீரியோ இல்லை, மொனோ. வலப்பக்கம் மட்டும்தான் வேலை செய்யும். சந்தையிலையும் எடுக்க மாட்டினம்."

அப்படி ஒரு சிரிப்பு! அத்தானும் சிரித்தார். அன்றிலிருந்து அவர் 'மொனோ அத்தான்' ஆனார். தொலைபேசியில் சுகம் விசாரிப்பவர்கள்கூட "மொனோ என்ன செய்யிறார்?" என்றார்கள். அந்தப் பெயரை வைத்தவன் நான்.

அதன் பிறகு அவர் தன் காதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. வந்திருப்பவர்கள் தன் வலப்பக்கம் இருக்கும்படி இடம் பார்த்து உட்காரத் தொடங்கினார். நிலவறையில் இசை போட்டால், "நல்லாக் கிடக்கு" என்று மட்டும் சொல்வார். மணந்து பார்ப்பதையும் விட்டுவிட்டார். மூக்கடைப்பு என்றார்.

மாரிகாலத்தில் ஒருநாள் அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, உன்ரை அத்தான் ரிவியைப் பெரிசா வைச்சு வீட்டை இடிக்கிறார். காதைக் காட்ட டொக்டரிட்டை ஒரு டெர்மின் எடுத்துத் தாவன். நான் சொன்னால் அந்த மனுசன் கேக்காது. நீ சொன்னால் கேக்கும்."

"வயசு போனால் காது போகும்தானே, அக்கா. எனக்கும் வரவரக் கேக்குதில்லை. விடுங்கோ," என்றேன்.

எனக்கு நன்றாகக் கேட்டது. அக்காவுக்குப் பொய் சொன்னேன். வயதால் போகும் காது இரண்டு பக்கமும் சேர்ந்தே போகும் என்பது எனக்குத் தெரியும். ஒரு பக்கம் மட்டும் போவதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும். ஆனால், வைத்தியர் அத்தானின் காதைப் பார்த்து, இனிக் கேட்காது என்று சொல்லிவிட்டால் எங்கள் ஞாயிறு முடிந்துவிடும் என்று பயந்தேன். கேட்காத மனிதரோடு நான் ஏன் சந்தைக்குப் போவது, யாரோடு சிரிப்பது? அந்தப் பயத்துக்கு முன்னால் அவருடைய உடல் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இதைவிட நல்லவிதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வசந்தகாலத்தில் அவருடைய கழுத்தில் கட்டி ஒன்று தெரிந்தது. மூக்கிலிருந்து இரத்தமும் வந்தது. அப்போதுதான் நான் அக்காவையும் ஏற்றிக்கொண்டு அவரை வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மூக்குக்குப் பின்னால், தொண்டைக்கு மேலே புற்றுநோய். அது வளர்ந்து காதுக்குப் போகும் குழாயை அடைத்திருக்கிறது. வைத்தியர் ஒரு பெண், இளம் வயது. அவர் அத்தானின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: காது அடைக்கத் தொடங்கி எவ்வளவு காலம்?

அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவருக்குத் தெரிந்த ஜேர்மன் மொழியில், "அண்மையில்தான்" என்றார்.

அடைப்பு ஒன்றரை ஆண்டுக்கு முன்பே தொடங்கியது என்று அந்த அறையில் அவரைத் தவிர அறிந்திருந்தவன் நான் மட்டும்தான். அக்காவின் முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க அவர் பொய் சொன்னார். நான் திருத்தவில்லை. பெரியவர்களுக்கு ஒரு காது மட்டும் அடைத்தால் அப்போதே பார்க்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னதை அக்காவுக்குத் தமிழில் மொழிபெயர்த்துச் சொன்னதும் நான்தான்.

கதிர்ச் சிகிச்சையில் அவருடைய வாய் வறண்டது. ருசி போனது. அக்கா செய்த ஒடியற்கூழை ஒரு கரண்டி குடித்துவிட்டு, "உறைப்பு மட்டும் தெரியுது, அதுவும் நல்லதுதான்" என்றார். யாரையும் கடிந்துகொள்ளவில்லை. பார்க்க வந்தவர்களைத் தேத்தண்ணீர் குடிக்காமல் அனுப்பவில்லை.

கடைசிக் கிழமையில் ஒரு பின்னேரம், அக்கா கடைக்குப் போயிருந்த நேரம், நான் அவருடைய கட்டிலருகில் இருந்தேன். "அத்தான், அண்டைக்கே உங்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கவேணும். எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் விட்டனான். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றேன்.

அவர் கண்ணைத் திறந்து, "என்ன சொன்னனீர்?" என்று கேட்டார்.

நான் இருந்தது அவருடைய இடப்பக்கம். வலப்பக்கம் ஒரு கதிரை வெறுமையாகத்தான் இருந்தது. அறைக்குள் வரும்போதே அதைக் கண்டேன். கண்டுகொண்டுதான் இந்தப் பக்கம் இருந்தேன்.

"ஒண்டுமில்லை, அத்தான். படுங்கோ," என்றேன்.

அவர் படுத்தார். மூன்றாம் நாள், அக்காவும் மருமகளும் பக்கத்தில் இருக்க, அமைதியாகக் கண்மூடினார்.

அவர் காதில் விழாதபடி சொன்னதை எல்லோரும் அறியச் சொல்லாமல் எனக்கு இனி நிம்மதி இல்லை. எழுதி முடித்ததும் இதை அக்காவின் வீட்டுக்குக் கொண்டுபோய், குசினி மேசையில் இருந்து அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் விரும்பாவிட்டால் கிழித்துவிடலாம் என்று எண்ணியிருந்தேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தார். ஊன்ட்றொப் புல்லில் எல்லோரும் சிரித்த இடம் வந்தபோது கத்தியை வைத்துவிட்டார். நான் வாசித்து முடித்தேன். என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன்.

"அச்சடிக்கக் குடு," என்றார்.

நான் எழும்பினேன். அவர் என் கையைப் பிடித்து இருத்தினார்.

"அண்டைக்கு நானும் சிரிச்சனான், தம்பி. எல்லாரையும்விடப் பெரிசாய் நான்தான் சிரிச்சனான். பிறகு அந்த மனுசன் என்னோடையும் காதைப் பற்றிக் கதைக்கேல்லை. அதையும் எழுது. என்னை விட்டுப்போட்டு எழுதாதை."

அவர் கேட்டுக்கொண்டபடி இதில் எழுதியிருக்கிறேன்.

அத்தானின் நோய்க்காலத்தில் முகம் சுளிக்காமல் பராமரித்த தாதியர்களுக்கும், வேலைக்கு லீவு போட்டு அவரை மருத்துவமனைக்கு ஏற்றி இறக்கிய இளைஞர்களுக்கும், அக்காவைச் சமைக்கவிடாமல் முறைவைத்துச் சோறு கொண்டுவந்த அயலவர்களுக்கும், தூர நகரங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்து இறுதிக்கிரியைகளில் எங்களோடு நின்ற ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இந்த நன்றியை ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது ஒரு காது மட்டும் மங்கினால், சிரிக்காமல் அன்றே கூட்டிக்கொண்டு போங்கள்.

— மைத்துனன்